கையிலிருந்து கண் வரை

1959ஆம் ஆண்டு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த இரண்டு மாணவர்கள் ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட்டனர். ஒருவர் ஹெரால்ட் நொவோட்னி. மற்றவர் டேவிட் அல்விஸ். யாருக்கு ஊசி போடுவது என்பதை அந்த நாணயமே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அல்விஸ் தோற்றார். அவர் கேமராவின் முன் அமர, அவருடைய கையிலுள்ள சிரைக்குள் ஒரு மஞ்சள் சாயம் செலுத்தப்பட்டது.

சாயம் இரத்தத்தோடு கலந்து இதயத்துக்குச் சென்றது. நுரையீரலைச் சுற்றிவிட்டு மீண்டும் இதயத்துக்கு வந்தது. பிறகு கழுத்து வழியாக மேலேறிக் கண்ணை அடைந்தது. கையிலிருந்து கண் வரை செல்லும் இந்தப் பயணத்துக்கு ஏறத்தாழ 10 முதல் 15 வினாடி வரைதான் ஆகும். சாயம் கண்ணின் பின்புறத் திரையாகிய விழித்திரையைக் கடக்கும்போது கேமரா படமெடுத்தது. இன்று உலகெங்கும் கண் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபுளோரெசீன் ஆஞ்சியோகிராம் என்னும் பரிசோதனை இப்படித்தான் பிறந்தது.

வியப்பு என்னவென்றால், அந்த இருவரும் கண் மருத்துவர்கள் அல்லர். கண் நோயைக் கண்டறிவதும் அவர்களுடைய முதல் நோக்கமாக இருக்கவில்லை. ஜான் ஹிக்கம் என்னும் மருத்துவப் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் அவர்கள் பணியாற்றினர். விழித்திரையில் ஓடும் இரத்தத்தையும் அதிலுள்ள உயிர்வளியின் அளவையும் ஆராய்வதே அங்கு நடந்த வேலை. உடலில் எத்தனையோ இடங்களில் இரத்தம் ஓடும்போது, அதற்கு ஏன் கண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள்? உடலைக் கிழிக்காமல் உள்ளே ஓடும் இரத்தக் குழாய்களை நேராகப் பார்க்கக்கூடிய இடம் விழித்திரைதான். கண்பாவை என்னும் கறுப்பு வட்டம் உண்மையில் ஒரு திறப்பு. அதன் வழியே ஒளியைச் செலுத்திக் கண்ணின் உட்புறத்தைப் பார்க்க உதவும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் அறிமுகப்படுத்தினார். அதன்பின் அந்தத் திறப்பு மருத்துவர்களுக்கு ஒரு சாளரமாகவே ஆகிவிட்டது.

சாளரம் கிடைத்தும் ஒரு குறை இருந்தது. வீட்டுக் கூரையின் உட்புறத்தில் ஈரக் கறை படிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். எங்கோ நீர்க்குழாய் ஒழுகுகிறது என்பது தெரிகிறது. ஆனால் எந்தக் குழாய், எந்த இடத்தில், இன்னும் ஒழுகுகிறதா அல்லது நின்றுவிட்டதா என்பதைக் கறையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. விழித்திரையின் சாதாரண வண்ணப் படமும் அப்படித்தான். அது குழாய்களைக் காட்டும். வீக்கத்தையும் இரத்தத் திட்டையும் காட்டும். அந்தக் குழாய்களில் இரத்தம் ஓடுகிறதா, சுவரில் கசிகிறதா என்பதை மட்டும் காட்டாது.

நீர் போகும் வழியைச் சாயத்தால் கண்டுபிடிக்கும் உத்தி மருத்துவத்துக்கு வெளியே முன்பே இருந்தது. ஜெர்மனியில் டான்யூப் ஆற்றின் தொடக்கப் பகுதியில், இம்மெண்டிங்கன் என்னும் ஊருக்கருகே ஆற்று நீர் சுண்ணாம்புப் பாறைகளின் பிளவுகளுக்குள் இறங்கிவிடும். கோடைக் காலத்தில் ஆற்றுப்படுகை வறண்டே போகும். அந்த நீர் எங்கே போகிறது? ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தெற்கே ஆஹ் என்னும் இடத்தில் பெரிய ஊற்று ஒன்று உண்டு. அங்கே வெளிவருவது டான்யூபின் நீரா, வேறு நீரா என்பதில் இரு பக்கத்து ஆலை உரிமையாளர்களுக்கும் தகராறு. 1877இல் அடால்ஃப் நாப் என்னும் நிலவியலாளர் நீர் இறங்கும் இடத்தில் 10 கிலோகிராம் சாயத்தைக் கொட்டினார். ஏறத்தாழ 60 மணி நேரத்துக்குப் பிறகு ஆஹ் ஊற்று பளிச்சென்ற பச்சை நிறத்தில் பொங்கியது. அதற்குப் பயன்பட்ட சாயம் ஃபுளோரெசீன். அடால்ஃப் வான் பேயர் என்னும் வேதியியலாளர் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1871இல், அதைத் தயாரித்திருந்தார். நிலத்தடியில் மறைந்த ஆற்றைத் தேடிய அதே சாயம்தான் பின்னாளில் அல்விஸின் கையில் ஏறியது.

இந்தச் சாயத்தின் தனித்தன்மை அதன் ஒளிர்வில் இருக்கிறது. நீல ஒளி பட்டால் இது அந்த ஒளியை உறிஞ்சிக்கொண்டு மஞ்சள் கலந்த பச்சை ஒளியை வெளியிடும். புத்தகத்தில் முக்கிய வரிகளைத் தீட்ட மாணவர்கள் பயன்படுத்தும் பளிச்சிடும் பேனாவின் மையும் இவ்வாறு ஒளிரும் வகையைச் சேர்ந்ததே. சாயத்தின் ஒளி மிக மங்கலானது. கேமராவின் மின்னொளியோ கண்ணைக் கூசவைக்கும். பகல் வெயிலில் மின்மினியைத் தேடுவதைப் போன்ற சிக்கல் இது. நொவோட்னியும் அல்விஸும் இரண்டு ஒளிவடிகட்டிகளைக் கொண்டு இதைத் தீர்த்தனர். இரத்தத்தில் கலந்த சாயம் எந்த நீலத்தை மிகுதியாக உறிஞ்சுகிறது, எந்தப் பச்சையை மிகுதியாக வெளியிடுகிறது என்பதை முதலில் அளந்துகொண்டனர். மின்விளக்கின் முன் வைத்த வடிகட்டி நீல ஒளியை மட்டும் கண்ணுக்குள் அனுப்பியது. படச்சுருளின் முன் வைத்த வடிகட்டி, திரும்பி வரும் நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் உள்ளே விட்டது. ஆகவே, படத்தில் வெண்மையாகத் தெரிவதெல்லாம் சாயம் இருக்கும் இடம். மற்றதெல்லாம் கறுப்பு.

இதைக் கட்டுரையாக எழுதிக் கண் மருத்துவ ஆய்விதழுக்கு அனுப்பியபோது, அது ஏற்றுக்கொள்ளப்படவில்லை. இறுதியில், இதய நோய், இரத்த ஓட்டம் பற்றிய கட்டுரைகளை வெளியிடும் 'சர்க்குலேஷன்' என்னும் இதழில் 1961இல் அது அச்சேறியது. கண் மருத்துவர்கள் வழக்கமாகப் புரட்டும் இதழன்று அது. இருந்தும் செய்தி பரவியது. மயாமி நகரிலிருந்த டொனால்டு காஸ் போன்ற மருத்துவர்கள் நோயாளி நோயாளியாகப் படமெடுத்து, எந்த நோய்க்கு எந்த ஒளிக்கோலம் என்று வகைப்படுத்தத் தொடங்கினர். அவ்வளவு காலமும் ஒரே நோயாகக் கருதப்பட்ட சில, வெவ்வேறு நோய்கள் என்பது அப்போதுதான் புலப்பட்டது. கண்டுபிடித்தவர்களுக்கு இணையான பங்கு, அந்தப் படங்களைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்களுக்கும் உண்டு.

படத்தை எப்படிப் படிப்பது? நீரிழிவு நோயுள்ள ஒருவரை எடுத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். நம் நாட்டில் இந்நோயை அறியாத குடும்பம் இல்லை. வீட்டுப் பெரியவர்கள் 'இனிப்பு நீர்' என்று சொல்வது இதைத்தான். 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு, நீரிழிவு இருந்தது. இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமடையும். விழித்திரையில் அது நடக்கும்போது வலிக்காது, கண் சிவக்காது. பார்வையும் பல ஆண்டுகள் தெளிவாகவே இருக்கலாம்.

ஐம்பது வயதுடைய லாரி ஓட்டுநர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். நீரிழிவு வந்து பத்தாண்டுகள் ஆகின்றன. சுகாதார நிலையத்தில் எடுத்த கண் படத்தில் மாற்றம் தெரிந்ததால் மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறார்.

"எனக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியுது டாக்டர். ராத்திரியில ஜொகூர் வரைக்கும் லாரி ஓட்டுறேன். எதுக்கு ஊசி?" என்று கேட்கிறார்.

"நல்லா தெரியுறப்பவே பார்த்துட்டா நல்லது ஐயா. தெரியாம போன பிறகு பார்த்தா, போனதைத் திருப்பிக் கொண்டு வர்றது கஷ்டம்," என்கிறார் மருத்துவர்.

கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இடப்படுகிறது. தாடையையும் நெற்றியையும் கருவியில் பதித்து ஓட்டுநர் அசையாமல் அமர்கிறார். தாதி அவருடைய முழங்கைச் சிரையில் 10 விழுக்காட்டுச் சாயக் கரைசலில் 5 மில்லிலிட்டர் செலுத்துகிறார். ஒரு தேக்கரண்டி அளவுதான். கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

முதல் சில வினாடிகளில் திரை கறுப்பாகவே இருக்கும். பிறகு, விழித்திரைக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்ப் படலம் திட்டுத் திட்டாக வெளிறும். அடுத்த ஓரிரு வினாடிகளில் தமனிகள் வெள்ளிக் கம்பிகள்போல் பளிச்சிடும். அவற்றின் கிளைகளிலிருந்து நுண்குழாய்களின் வலை ஒளிரும். அதன்பின் சிரைகள் நிறையும். சிரைகள் நிறையும் விதம் பார்க்க அழகானது. முதலில் குழாயின் இரு ஓரங்களும் மட்டும் ஒளிரும். நடுவே கறுப்பு ஓடை தெரியும். சிறிய கிளைகளிலிருந்து வரும் சாயம் சுவரை ஒட்டியே நகர்வதுதான் காரணம். இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் கலங்கிய நீரும் தெளிந்த நீரும் சற்றுத் தூரம் கலக்காமல் அருகருகே ஓடுவதில்லையா, அதைப் போல. இவையெல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடைசிப் படம் மட்டும் ஏறத்தாழ 10 நிமிடம் கழித்து எடுக்கப்படும்.

அந்தப் பத்து நிமிடக் காத்திருப்பில்தான் பரிசோதனையின் உயிர் இருக்கிறது. ஊசி போட்ட சில நிமிடங்களில் ஓட்டுநரின் முகமும் கைகளும் மஞ்சளாகத் தொடங்கும். மஞ்சட்காமாலை வந்துவிட்டதோ என்று உடன்வந்தவர்கள் பதறுவதுண்டு. தோலிலுள்ள நுண்குழாய்களின் சுவரில் சாயம் ஊடுருவி வெளியே வந்துவிடுவதால்தான் இந்த மஞ்சள். விழித்திரையின் குழாய்கள் அப்படியல்ல. அவற்றின் சுவரிலுள்ள உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியிருப்பதால் சாயத்தை வெளியே விடுவதில்லை. அடிப் படலத்தில் கசியும் சாயத்தையும் விழித்திரையின் கீழடுக்கு உள்ளே வராமல் தடுத்துவிடுகிறது. எனவே, நலமான கண்ணில் சாயம் வந்த வழியே ஓடிப்போய்விடும். பத்தாவது நிமிடப் படத்தில் பெரும்பாலும் மங்கியிருக்கும். முகமெல்லாம் மஞ்சளாக இருக்கையில் விழித்திரை மட்டும் சாயத்தை ஏற்காமலிருப்பது, அந்தத் தடுப்பு வேலை செய்கிறது என்பதற்கான சான்று. பத்து நிமிடம் கழித்தும் ஓரிடம் மேலும் மேலும் வெண்மையாகிப் பரந்துகொண்டே போனால், அங்கே தடுப்பு உடைந்திருக்கிறது என்று பொருள். ஒழுகும் குழாய் அகப்பட்டுவிட்டது.

ஓட்டுநரின் படங்களில் விழித்திரையெங்கும் சிறிய வெண்புள்ளிகள் தெரிகின்றன. நுண்குழாய்ச் சுவர் பலவீனமான இடங்களில் பலூன்போல் உப்பிய புடைப்புகள் அவை. நேரம் ஆக ஆகச் சில புள்ளிகளைச் சுற்றி ஒளி மூட்டம்போல் படர்கிறது. அவை கசிகின்றன. கூர்மையான பார்வைக்குரிய நடுப்பகுதிக்கு மிக அருகில் அவை இருப்பதுதான் கவலைக்குரியது. நடுப்பகுதியில் நீர் கோத்தால் எழுத்தும் முகமும் சாலைப் பலகையும் மங்கும்.

கறுப்பாகத் தெரியும் இடங்களைப் படிப்பது இதைவிடக் கடினம். ஓரிடம் கறுப்பாக இருக்கப் பல காரணங்கள் இருக்கலாம். நடுப்பகுதியின் மையத்திலுள்ள சிறு கறுப்பு இயல்பானது. அங்கே நுண்குழாய்களே கிடையாது. வேறோர் இடத்தில், கசிந்த இரத்தம் மேலே படிந்து அடியிலுள்ள ஒளியை மறைத்திருக்கலாம். அல்லது அங்குள்ள குழாய்கள் அடைபட்டு, சாயம் வரவே வழியில்லாமல் போயிருக்கலாம். இவற்றைப் பிரித்தறிய மருத்துவர் பழைய வண்ணப் படத்தை அருகில் வைத்துக்கொள்வார். வண்ணப் படத்தில் அதே இடத்தில் செந்திட்டு இருந்தால், இரத்தம் மறைக்கிறது. வண்ணப் படத்தில் அந்த இடம் குறையொன்றும் இல்லாததுபோல் தோன்றி, சாயப் படத்தில் மட்டும் கறுத்துக் கிடந்தால், அங்கே இரத்த ஓட்டம் நின்றுவிட்டது. ஒன்றுமில்லாததுபோல் தோன்றும் இடமே பெரும்பாலும் ஆபத்தான இடம். இந்த ஓட்டுநரின் விழித்திரை ஓரத்தில் அத்தகைய கறுப்புத் தீவுகள் இரண்டு, மூன்று இருக்கின்றன.

இரத்தம் கிடைக்காத விழித்திரை சும்மா இருப்பதில்லை. புதிய இரத்தக் குழாய்களை வளரச் சொல்லி ஒரு வேதிப்பொருளைச் சுரக்கிறது. அழைப்பைக் கேட்டுக் குழாய்கள் வளரத்தான் செய்கின்றன. ஆனால், அவை அவசரத்தில் போட்ட வேலிபோல் உறுதியற்றவை. சாயப் படத்தில் தமனி நிறையும் வேளையிலேயே அவை ஒளிர்ந்து, ஏராளமாகக் கசியும். ஒரு நாள் அவை உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் நிறைந்து பார்வை திடீரென மறைந்துவிடும். லாரியின் பின்னால் கைகளை வைத்திருப்பவருக்கு அது நெடுஞ்சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓட்டுநரின் கண்ணில் அத்தகைய குழாய்கள் இன்னும் முளைக்கவில்லை. முளைத்த கண்களுக்கும் சிகிச்சை உண்டு. விழித்திரையின் ஓரப்பகுதியில் லேசர் ஒளியால் சிறு சிறு தழும்புகளை ஏற்படுத்தினால் அந்த வேதி அழைப்பு அடங்குகிறது. இம்முறை, கடுமையான பார்வை இழப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைக்கிறது என்பதை அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 1976இல் உறுதிப்படுத்தியது. அழைப்பையே தடுக்கும் மருந்துகளைக் கண்ணுக்குள் ஊசிவழி செலுத்தும் முறை பின்னர் வந்தது. நடுப்பகுதியில் நீர் கோத்தவர்களுக்கும் அது பயன்படுகிறது. எங்கே கசிகிறது, எங்கே இரத்தம் வரவில்லை என்பதைக் காட்டும் வரைபடம் கையில் இருந்தால்தான் எந்தச் சிகிச்சை, எந்த இடத்தில், எப்போது என்று முடிவுசெய்ய முடியும்.

இந்தப் பரிசோதனைக்கு விலையில்லாமல் இல்லை. சாயம் ஏறிய அரை நிமிடத்தில் சிலருக்குக் குமட்டும். அது விரைவில் அடங்கிவிடும். ஓரிரு நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். சிலருக்குத் தோலில் தடிப்பும் அரிப்பும் வரும். மிக அரிதாக ஒவ்வாமை உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம். 1986இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று ஏறத்தாழ 222,000 பரிசோதனைகளுக்கு ஒரு மரணம் என்று கணக்கிட்டது. மிகச் சிறிய எண்தான். என்றாலும், அந்த ஒருவர் யார் என்பது முன்கூட்டியே தெரியாது. அதனால்தான் ஊசி போடும் அறையில் அவசர மருந்துகள் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். ஒவ்வாமை உண்டா, கருவுற்றிருக்கிறாரா என்றெல்லாம் முன்பே கேட்டறிவதும் இதற்காகத்தான்.

இன்று சாயமே இல்லாமல் விழித்திரைக் குழாய்களைப் படமெடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. அவை ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பலமுறை ஒளியால் வருடிப் படங்களை ஒப்பிடுகின்றன. அசையாத திசு எல்லாப் படங்களிலும் ஒரேபோல் இருக்கும். ஓடும் இரத்த அணுக்கள் இருக்கும் இடம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தைக் கொண்டே குழாயின் படம் வரையப்படுகிறது. ஊசி இல்லை, குமட்டல் இல்லை. பல நோயாளிகளுக்கு இது போதும். ஆனால், கசிவு என்பது மெல்ல ஊறும் செயல். வேகமாக ஓடும் அணுக்களைத் தேடும் கருவிக்கு அது தெரிவதில்லை. ஒழுகும் இடத்தைத் தேடும்போது மருத்துவர்கள் இன்றும் பழைய மஞ்சள் சாயத்தையே எடுக்கிறார்கள்.

பத்தாவது நிமிடப் படமும் எடுத்தாயிற்று. மருத்துவர் கசியும் புள்ளிகளை ஓட்டுநருக்குத் திரையில் காட்டுகிறார். மஞ்சளேறிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து திரையை நெடுநேரம் பார்க்கிறார்.

"இதுல எதுவுமே எனக்குத் தெரியலையே டாக்டர். சரி, இன்னிக்கு ராத்திரி லாரி எடுக்கலாமா?"

"இன்னிக்கு வேணாம் ஐயா. கண்ணுக்கு மருந்து விட்டிருக்கோம், வெளிச்சம் பட்டா கூசும். வீட்டுக்குப் போறதுக்கும் மகனை ஓட்டச் சொல்லுங்க. அடுத்த வாரம் வாங்க, சிகிச்சையை ஆரம்பிச்சிடலாம்."